இறந்தபின் 60 ஆண்டுகள்: பதிப்புரிமைக்கு எது நியாயமான காலம்?

வல்லிக்கேணிப் பதிப்பாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் மிகச் சிறிய அளவில் பதிப்பகம் நடத்தி வருகிறேன். ஆண்டுக்கு நான்கைந்து நூல்கள் கொண்டுவந்தால் அதிகம். எதையும் 300 படிகளுக்கு மேல் அச்சிடத் துணிந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் லஸ் முனையில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, அட்டை பாதி கிழிந்த சிறுகதைத் தொகுப்பு ஒன்று கையில் அகப்பட்டது. 1958இல் அச்சானது. விலை ஒன்றேகால் ரூபாய். முதல் பக்கத்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு வாடகை நூல் நிலையத்தின் ஊதா முத்திரை. எழுதியவர் சென்னையில் டிராம் ஓடிய காலத்தில் அதில் நடத்துநராக இருந்தவர்; 1953இல் டிராம் நிறுத்தப்பட்டபின் வேலையிழந்த தொழிலாளர் குடும்பங்களைப் பற்றித்தான் பெரும்பாலான கதைகளும் பேசுகின்றன. கடைசி நாள் இரவில் பையிலிருந்த சில்லறையை எண்ணி ஒப்படைத்துவிட்டு, சீட்டில் துளையிடும் கருவியை மட்டும் கொடுக்க மனம் வராமல் மடியில் முடிந்துகொண்டு வண்ணாரப்பேட்டை வரை நடந்தே போகிற ஒருவரின் கதை அதில் இருக்கிறது. படித்துவிட்டு அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதை மறுபதிப்புச் செய்ய விரும்புகிறேன். ஆசிரியர் 1971இல் காலமானார் என்பது ஒரு பழைய சிற்றிதழின் அஞ்சலிக் குறிப்பிலிருந்து தெரிந்தது. நூலை வெளியிட்ட நிறுவனம் இப்போது இல்லை. நூலில் அச்சாகியிருந்த ஆசிரியரின் வீட்டு முகவரிக்குப் பதிவு அஞ்சல் அனுப்பினேன். “முகவரிதாரர் இல்லை” என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. நேரில் சென்றபோது அங்கே அடுக்குமாடிக் கட்டடம் நின்றது. வாரிசுகள் இருக்கிறார்களா, இருந்தால் தங்களிடம் இப்படி ஓர் உரிமை இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்பதெல்லாம் தெரியாத நிலையில், நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள், அதாவது 2031ஆம் ஆண்டின் இறுதி வரை, நான் இந்நூலைத் தொடக்கூடாது.

புத்தகக் காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் “பொன்னியின் செல்வன்” பல பதிப்பகங்களின் வெளியீடாக, பல விலைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கியதால் வந்த விளைவு அது. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் அரசே பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் நாட்டுடைமை என்பது புகழ்பெற்றவர்களைத் தேடிப்போகிற ஏற்பாடு. ஒரே ஒரு நூல் எழுதிய டிராம் நடத்துநரின் வீட்டைத் தேடி எந்த அரசாணையும் வரப்போவதில்லை.

என் கருத்து இதுதான். நூல் வெளிவந்த நாளிலிருந்து 28 ஆண்டுகள் உரிமை இருக்கட்டும். அதற்குமேலும் வேண்டும் என்பவர் ஒரு விண்ணப்பம் கொடுத்து நீட்டித்துக்கொள்ளட்டும். யாரும் கேட்டு வராத நூல் பொதுச்சொத்தாகட்டும். எத்தனை ஆண்டுகள் நியாயம் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? ஏன்?

பி.டி.எஃப். வாசகர்:

ஐயா, இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டுமா? நூலை ஸ்கேன் செய்து டெலிகிராமில் போட்டுவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். உயிரோடு இருக்கிற எழுத்தாளர்களின் புதிய நூல்களே வெளிவந்த மறுவாரம் அங்கே கிடைக்கின்றன. 1971இல் இறந்தவருக்காக உங்கள்மீது யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

பெரம்பூர் வாசகி:

பதிப்பாளர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் உங்கள் 28 ஆண்டுக் கணக்கையும், “விண்ணப்பம் கொடுத்து நீட்டித்துக்கொள்ளட்டும்” என்ற யோசனையையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் எழுத்தாளர் ஒருவரின் மகள் என்பதால் சொல்கிறேன்.

என் அப்பா இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். குழந்தைகளுக்கான கதைகளும் இரண்டு நாவல்களும் எழுதினார். பயன்படாமல் கழித்துவிட்ட அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். இன்றும் அவருடைய கையெழுத்துப் படிகளைத் திருப்பினால் சரக்கு எடை, புறப்பட்ட நிலையம் என்று அச்சடித்த கட்டங்கள் தெரியும். 1989இல், 47 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார். எனக்கு அப்போது 11 வயது, தம்பிக்கு ஆறு.

அப்பாவின் நூல்களை வெளியிட்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகள் ராயல்டியை மணியார்டரில் அனுப்பினார்கள். பிறகு நின்றுவிட்டது. நூல்கள் மட்டும் கடைகளில் கிடைத்துக்கொண்டே இருந்தன. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு 29சி பேருந்தில் ஏறி அவர்கள் அலுவலகத்துக்குப் போவார். வாசலில் ஒரு மர பெஞ்சு உண்டு. கணக்குப் பார்ப்பவர் சாப்பிடப் போயிருப்பார், வங்கிக்குப் போயிருப்பார், சில நாள்களில் எங்கே போனார் என்றே யாருக்கும் தெரியாது. மூன்றாவது முறை போனபோது 640 ரூபாய் கொடுத்தார்கள். அந்த ஆண்டு எங்கள் இருவருக்கும் பள்ளிச் சீருடையும் காலணியும் அந்தப் பணத்தில் வாங்கியவைதான்.

இப்போது உங்கள் திட்டத்தை எங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் முதல் நூல் 1966இல் வந்தது. உங்கள் கணக்குப்படி 1994இல் அதன் உரிமை முடிந்திருக்கும். எனக்கு அப்போது 16 வயது. அதிகம் விற்றதும் அந்த முதல் நூல்தான். நீட்டிப்பு விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதோ, அதை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதோ அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. பதிப்பகத்தாருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, ஆள்பலமும் உள்ள குடும்பங்களுக்குச் சாதகமான முறையாகத்தான் அது முடியும்.

அதற்காக 60 ஆண்டுகள் சரி என்று நான் வாதாடவில்லை. அப்பாவின் உரிமை 2049 வரை இருக்கிறதாம். தம்பியின் பிள்ளைகள் வெளிநாட்டில் வளர்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. தாத்தாவின் நூலை யார் அச்சிடலாம், யார் அச்சிடக்கூடாது என்று முடிவுசெய்யும் அதிகாரம் நாளை அவர்கள் கையில் இருக்கும் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இறந்தபின் 25 அல்லது 30 ஆண்டுகள் போதும். கடைசிப் பிள்ளை படித்து முடித்துச் சொந்தக் காலில் நிற்கும்வரைக்கும் என்று கணக்கிட்டால் அதுவே தாராளம்.

பி.டி.எஃப். வாசகருக்கு ஒரு வார்த்தை. அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள், தம்பி.

பாரிமுனை வழக்குரைஞர்:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; இரண்டுமே இப்போதைய நிலையில் நடைமுறைக்கு வராதவை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் உறுப்பு நாடாக இருக்கிறது. அதன்படி இலக்கியப் படைப்புகளுக்குக் குறைந்த அளவாக ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்புத் தர வேண்டும். பிற உறுப்பு நாட்டினரின் படைப்புகளுக்கு, பதிவு செய்தால்தான் உரிமை, விண்ணப்பித்தால்தான் நீட்டிப்பு என்பன போன்ற நிபந்தனைகளை விதிக்கவும் கூடாது. நம் சட்டத்திலும் பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆகவே, உடன்படிக்கையை விட்டு வெளியேறாமல் இந்தியா தானாகச் செய்யக்கூடிய குறைப்பு என்று பார்த்தால் 60ஐ 50 ஆக்குவதுதான். “பத்து ஆண்டுகளில் என்ன ஆகிவிடப் போகிறது” என்று தோன்றலாம். பதிப்பாளர் ஐயாவின் நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் இறந்தவருக்கு 50 ஆண்டுகள் என்றால், அடுத்த ஆண்டின் சனவரி முதல் நாளிலிருந்து எண்ணி, 2021 இறுதியில் உரிமை முடிந்திருக்கும். நூல் இந்நேரம் உங்கள் கடையில் இருந்திருக்கும்.

அந்தப் பத்து ஆண்டுகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதும் சுவையான கதை. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது 50 ஆண்டுகள்தான். 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவாக வேண்டியிருந்தன. உரிமையை வைத்திருந்தது அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரல் வலுக்கவே, முதலில் அவசரச் சட்டமும் பிறகு 1992இல் திருத்தச் சட்டமும் வந்தன. நாடு முழுவதற்கும், எல்லா எழுத்தாளர்களுக்கும், 50 என்பது 60 ஆயிற்று. தாகூரின் நூல்கள் 2001 முடிவில் எப்படியும் பொதுவாகிவிட்டன. யாருக்காகக் கதவு அடைக்கப்பட்டதோ அவர் வெளியே போய் ஆண்டுகள் பல ஆகின்றன. நம் டிராம் நடத்துநர் இன்னும் உள்ளேயே இருக்கிறார்.

இன்னொன்று. பதிப்புரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மெக்காலே நினைவுக்கு வருவார். 1834இல் சென்னையில் வந்திறங்கி, பல்லக்கில் உதகை வரை போன அதே மெக்காலேதான். நம் கல்வியைப் பற்றி அவர் சொன்னதற்காக அவரை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் 1841இல் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள் உரிமை தரும் மசோதா ஒன்று இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அதை எதிர்த்து அவர் பேசிய பேச்சை இன்றும் தாராளமாகப் படிக்கலாம். பதிப்புரிமை என்பது எழுத்தாளருக்குக் கொடுப்பதற்காக வாசகரிடம் வாங்கும் வரி என்றார். அகராதி தொகுத்த ஜான்சன் இறந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தால் ஜான்சனின் நூல்களுக்கு யாரோ ஒருவர் அந்நேரமும் உரிமையாளராக இருந்திருப்பார். அதனால் பசியோடு எழுதிக்கொண்டிருந்த ஜான்சனுக்கு ஒருவேளைச் சோறாவது கூடுதலாகக் கிடைத்திருக்குமா என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். மசோதா தோற்றது. மறு ஆண்டு வந்த சட்டம் 42 ஆண்டுகள், அல்லது ஆசிரியரின் ஆயுளும் ஏழு ஆண்டுகளும், இவற்றில் எது நீளமோ அது என்று வைத்தது. அன்று அங்கே தோற்ற அதே 60தான் இன்று இங்கே சட்டம்.

பதிப்பாளர் ஐயாவுக்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களை வெளியிட, பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவின்கீழ் உரிமம் கேட்கலாம். முன்பு பதிப்புரிமை வாரியத்திடம் கேட்க வேண்டியிருந்தது. இப்போது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விண்ணப்பிக்கும் முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளேடு ஒன்றில் உங்கள் நோக்கத்தை விளம்பரம் செய்ய வேண்டும். ஆம், தமிழ் நூலை மறுபதிப்பிடுவதற்கும் ஆங்கில நாளேடுதான். நீதிமன்றம் ஒரு ராயல்டித் தொகையை நிர்ணயிக்கும். அதைக் கட்டிவைத்தால், வாரிசுகள் பிற்பாடு வந்தாலும் அவர்களுக்குரியது அங்கே இருக்கும்.

இராயபுரம் ஒலிநாடா:

நூலைப் பற்றிய பேச்சில் மேடைப் பேச்சைக் கொண்டுவருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் சிக்கலும் இதே காலக்கணக்கைச் சார்ந்ததுதான்.

என் தந்தையார் பொதுக்கூட்டங்களுக்குப் போவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டார். தோளில் மாட்டிக்கொள்ளும் டேப் ரிக்கார்டருடன் மேடைக்குப் பக்கத்துக் குழாய் ஒலிபெருக்கியின் அடியில் போய் நின்றுகொள்வார். 1977, 1980 தேர்தல் காலங்களில் மெரினா சீரணி அரங்கத்திலும் வடசென்னையின் தெருமுனைகளிலும் அவர் பதிந்த ஒலிநாடாக்கள் 140க்கு மேல் எங்கள் பரணில் இருக்கின்றன. சில நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. ஓடவிட்டால் கீச்சென்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது.

நம் ஊரில் முதலமைச்சர் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நேருக்கு நேர் நின்று விவாதிக்கும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதியதை இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. நமக்கு விவாதம் என்பது, ஒருவர் திங்கட்கிழமை ஒரு மேடையில் கேட்டதற்கு மற்றவர் புதன்கிழமை வேறொரு மேடையில் பதில் சொல்வதுதான். யார் நன்றாகப் பேசினார், யார் மழுப்பினார் என்பது அச்சான உரைகளில் தெரியாது. அவற்றில் எல்லோரும் ஆற்றொழுக்காகத்தான் பேசியிருப்பார்கள். நாடாவில்தான் உண்மை இருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் விலைவாசியைப் பற்றிக் கத்திக் கேட்கிறார். மேடையிலிருப்பவர் நான்கு நொடி பேசாமல் நிற்கிறார். தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்கிறது. பிறகு ஒரு குறள் சொல்கிறார், கைதட்டல் எழுகிறது, கேள்விக்கு விடை வரவே இல்லை. தேர்தல் காலப் பேச்சுத்திறனை எடைபோட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவற்றை இணையத்தில் ஏற்றலாமா என்று தெரிந்தவர் ஒருவரைக் கேட்டேன். பொதுமேடைப் பேச்சுக்கும் பேசியவரே உரிமையாளர் என்றும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆக வேண்டும் என்றும் சொன்னார். வாக்குக் கேட்டு ஊரறியப் பேசிய பேச்சுக்குக் கதை, கவிதைக்கு உள்ள அதே காலமா? தேர்தலுக்காகப் பேசியதற்கு ஐந்து ஆண்டுகள், அதாவது அடுத்த தேர்தல் வரை, தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. நாடா அதற்கு மேல் தாங்காது.

பாரிமுனை வழக்குரைஞர்:

இராயபுரத்து நண்பருக்குச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பொது இடத்தில் ஆற்றிய உரைக்கு அதை ஆற்றியவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. அதே நேரத்தில், நடப்புச் செய்தியை, பொதுக்கூட்டப் பேச்சு உட்பட, செய்தியாக வெளியிடுவதற்கும், ஆய்வுக்கும் விமரிசனத்துக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கும் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. நீங்கள் சொன்ன நான்கு நொடி மௌனத்தைச் சுட்டிக்காட்டி, அந்தப் பகுதியை மட்டும் விளக்கத்தோடு வெளியிட்டால் உங்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது. 140 நாடாக்களையும் முழுமையாக ஏற்றுவது வேறு விஷயம்.

உங்கள் ஒப்பீட்டுக்கு ஒரு தகவல்: தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தன் ஒளிபரப்பின்மீது உள்ள தனி உரிமைக்குச் சட்டம் வைத்திருப்பது 25 ஆண்டுகள்தான். ஆக, எல்லாவற்றுக்கும் 60 என்பது வேதவாக்கு அல்ல. சட்டமே பொருளுக்கு ஏற்ப அளந்துதான் வைத்திருக்கிறது. தேர்தல் பேச்சுக்குத் தனி அளவு கேட்பதில் தவறில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் என்றால், அடுத்த தேர்தலில் எதிரணியினர் அதை வெட்டி ஒட்டி விளம்பரமாக்கிவிடுவார்கள் என்று எல்லாக் கட்சியினரும் ஒரே குரலில் எதிர்ப்பார்கள். அவர்கள் ஒன்றுசேரும் அரிய காட்சியைப் பார்ப்பதற்காகவாவது அந்தத் திருத்தம் வரலாம்.

நாடாக்களை முதலில் காப்பாற்றுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் பேசிப் பாருங்கள். பூஞ்சை சட்டம் திருந்தும்வரை காத்திருக்காது.

வல்லிக்கேணிப் பதிப்பாளர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரம்பூர் அம்மா எழுதியதைப் படித்தபின் என் 28 ஆண்டுத் திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். விண்ணப்பம் என்ற சொல்லை எழுதியபோது, அதை நிரப்ப வேண்டியவர் யார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இறந்தபின் 30 ஆண்டுகள் என்ற உங்கள் கணக்குத்தான் எனக்கும் இப்போது சரியாகப் படுகிறது. அது கைகூடும்வரை 50க்குத் திரும்பினால்கூட என்னைப் போன்றவர்களுக்கு மறைந்த நூல்கள் நூற்றுக்கணக்கில் மீளும்.

பி.டி.எஃப். வாசகருக்கு: ஸ்கேன் செய்து போடுவதால் நூல் பிழைத்துவிடாது, ஐயா. என் கையில் உள்ள படியில் 16 பக்கம் கொண்ட ஒரு பாரமே இல்லை. இன்னொரு படியைத் தேடி, ஒப்பிட்டு, மெய்ப்புப் பார்த்து, அருஞ்சொல் விளக்கம் சேர்க்க ஓர் ஆண்டாவது ஆகும். களவாகச் செய்யும் வேலைக்கு அவ்வளவு பாடுபட யாருக்கும் மனம் வராது.

31ஏ வழியை நேற்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆங்கில நாளேட்டு விளம்பரக் கட்டணம், வழக்குச் செலவு, ராயல்டி வைப்புத் தொகை எல்லாம் சேர்ந்தால், 300 படிகளும் விற்றுத் தீர்ந்தாலும் நட்டம்தான். 2032 சனவரி வரை காத்திருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் தட்டச்சு வேலையை முடித்துவிடுவேன்.

வழக்குரைஞர் ஐயாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. நூலில் கதைக்கு ஒன்றாகக் கோட்டோவியங்கள் இருக்கின்றன. ஓவியர் வேறொருவர், மூலையில் முதலெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். படங்களுக்கும் 2031தானா?

பாரிமுனை வழக்குரைஞர்:

இல்லை, ஐயா. ஓவியம் தனிப் படைப்பு. ஓவியர் தன் உரிமையைப் பதிப்பகத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தாலும், காலம் அவர் இறந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடப்படும். அவர் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாத படைப்பு என்றால், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்ற விதி உண்டு. அதன்படி 2018இலேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த முதலெழுத்தைப் பார்த்து “இவர் இன்னார்” என்று அக்கால இதழ்களைப் படித்த எவரேனும் சொல்லிவிட்டால், அவர் 1995 வரை வாழ்ந்தார் என்றும் தெரியவந்தால், 2055 வரை காத்திருக்க வேண்டும்.

வல்லிக்கேணிப் பதிப்பாளர்:

அந்த முதலெழுத்தை எனக்கே அடையாளம் தெரிகிறது என்பதுதான் சிக்கல். அக்கால வார இதழ்களில் நிறைய வரைந்தவர். எப்போது காலமானார் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். விவரம் கிடைக்காவிட்டால் பக்க அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, படங்கள் இருந்த இடங்களை மட்டும் வெறும் கட்டங்களாக விட்டு அச்சிடுவேன். அந்த நடத்துநர் துளையிடும் கருவியோடு நடந்துபோகும் பக்கத்தில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.

பெரம்பூர் வாசகி:

இங்கே மூலையை மட்டும் படம்பிடித்து இடுங்கள், ஐயா. அப்பாவின் முதல் நூலுக்கு அட்டைப்படம் வரைந்தவரும் முதலெழுத்து மட்டும்தான் போடுவார். ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.